சுவரில் யார் இருக்கிறார்கள்? சிங்கப்பூர் எம்ஆர்டி நிலையக் கலை: ஒரு பயணியின் மதிப்பீடு

சிங்கப்பூரின் எம்ஆர்டி நகர ரயிலில், வடகிழக்குப் பாதையில் தினமும் போய்வருகிறவள் நான். வீடு ஹவ்காங்கில். வேலை தேக்கா என்கிற லிட்டில் இந்தியாவில், ஒரு ஜவுளிக்கடையில். கணக்கு பார்ப்பது என் வேலை. கூட்டம் சேர்ந்துவிட்டால் எழுந்துபோய் சேலையும் எடுத்துப் போடுவேன். ஏறும் இடம், இறங்கும் இடம் இரண்டிலுமே சுவரும் தரையும் கலைஞர்கள் செய்துவைத்தவை. ஊர் சுற்ற வருகிறவர்கள் இந்த நிலையங்களைப் பற்றி எழுதுவதைப் படித்தால் 'அழகு', 'வண்ணமயம்', 'படம் எடுக்க ஏற்ற இடம்' என்று முடித்துவிடுகிறார்கள். அழகுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு பேட்டையின் பெயரைச் சொல்லி அங்கே ஒன்றைச் செய்துவைத்தால், அந்தப் பேட்டையின் மனிதர்கள் அதில் இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டாமா? அப்படிப் பார்த்தால் சில நிலையங்கள் மிக நன்றாக இருக்கின்றன. சில, பாதி வழி வந்து நின்றுவிட்டன. நான் வேலை பார்க்கும் லிட்டில் இந்தியா இரண்டாவது வகையில் சேர்ந்துவிட்டதே என்பதுதான் என் வருத்தம். அந்த வருத்தத்தோடு சேர்த்தே இந்த மதிப்பீட்டைப் படியுங்கள்.

தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன முன்கதை. வடகிழக்குப் பாதை 2003 ஜூன் 20-ம் தேதி ஓடத் தொடங்கியது. முழுக்க நிலத்தடி, ஓட்டுநர் இல்லாத ரயில், அப்போது 20 கிலோமீட்டர். திட்டமிட்டபோது 16 நிலையங்கள். 2024 டிசம்பரில் பொங்கோல் கோஸ்ட் திறந்தபிறகு 17. அதற்கு முன்னால் 1987-லிருந்தே எம்ஆர்டி ஓடிக்கொண்டிருந்தது, அந்தப் பழைய நிலையங்கள் சிலவற்றிலும் கலைப்படைப்புகள் உண்டு. ஆனால் ஒரு பாதை முழுவதற்கும், நிலையத்தை வரையும்போதே கலைஞரையும் கட்டடக் கலைஞரோடு உட்காரவைத்தது இங்கேதான் முதலில் நடந்தது. 'ஆர்ட் இன் டிரான்சிட்' என்பது அந்தத் திட்டத்தின் பெயர். அதனால் இங்கே ஆணி அடித்து மாட்டிய படங்களைத் தேடாதீர்கள். தரை ஓடு, சுவர்த் தகடு, கண்ணாடி, தூண் என்று நிலையத்தின் உடம்பிலேயே கலை இருக்கிறது. இருபது வருடத்துக்கு மேல் கோடிக்கணக்கான கால்கள் மிதித்தும் நிற்கிறது என்றால் அதற்கு இதுதான் காரணம். வட்டப் பாதை, டௌன்டவுன் பாதை, தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் பாதை என்று பிறகு வந்த எல்லாவற்றிலும் இந்தத் திட்டம் தொடர்ந்தது.

சரி, நான் ஏறும் இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

ஹவ்காங் நிலையத்தில் செக் யோக் யிங் என்ற கலைஞர் செய்த வேலையின் பெயர் 'ஹேண்ட்ஸ் அப் ஃபார் ஹவ்காங்'. அக்கம்பக்கத்துக் குடியிருப்பாளர்கள், பள்ளிப் பிள்ளைகள் என ஆயிரக்கணக்கானவர்களின் உள்ளங்கைத் தடங்களை வாங்கி நிலையத்துக்குள் பதித்திருக்கிறார். யோசனை எளிமையானதுதான். ஆனால் அது செய்யும் வேலை பெரிது. ஒரு கை சீனர் கையா, மலாய்க்காரர் கையா, தமிழர் கையா என்று தடத்தை வைத்துச் சொல்லவே முடியாது. பெரிய கை, சின்னக் கை என்பது மட்டும்தான் தெரியும். 'எங்கள் பேட்டையில் எல்லா இனத்தவரும் வாழ்கிறோம்' என்று காட்ட நான்கு உடையில் நான்கு பேரை நிறுத்திவைக்கும் சுவரொட்டிகளை எத்தனையோ பார்த்துவிட்டோம். அதே விஷயத்தை இந்தக் கைகள் இன்னும் உண்மையாகச் சொல்கின்றன.

என் நாத்தனாரும் அப்போது இந்தப் பேட்டைப் பள்ளி மாணவி. தாளில் கைவைத்துக் கொடுத்தவர்களில் அவளும் ஒருத்தி. கல்யாணமாகி ஜூரோங் போய்விட்டாள். எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் நிலையத்தில் இறங்கியதும் தன் கையைத் தேடுவாள். அவளுக்குச் சின்ன வயதில் பந்து விளையாடும்போது வலது சுண்டுவிரல் உடைந்து, கொஞ்சம் வெளிப்பக்கமாக வளைந்தே கூடிவிட்டது. அந்த வளைவுதான் அடையாளம். போன தீபாவளிக்கு வந்தபோது ஒரு தடத்தைக் காட்டி, "அண்ணி, இதுதான், பாருங்க, சுண்டுவிரல் தனியா நிக்குது" என்றாள். அவள் மகள் ஒத்துக்கொள்ளவில்லை. "இது இடது கைம்மா" என்றது அந்தப் பிள்ளை. தடம் என்றால் இடவலம் மாறித் தெரியுமா, மாறாதா என்று அவர்கள் இருவரும் நடைமேடையிலேயே தத்தம் கையை விரித்துவைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள். பின்னால் நின்ற சீனப் பெரியவர் ஒருவரும் தன் கையை விரித்துப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். ரயில் வந்துவிட்டது, நாங்கள் யாரும் அதில் ஏறவில்லை.

ஒரு பொதுக் கலைப்படைப்புக்கு இதைவிட என்ன வேண்டும்? அதனால்தான் இந்தப் பாதையிலேயே ஹவ்காங்கை முதலில் வைக்கிறேன். கோடு, நிறம், நுணுக்கம் என்று பார்க்கிறவர்கள் வேறு நிலையத்தைச் சொல்வார்கள். சொல்லட்டும்.

இனி லிட்டில் இந்தியா. இங்கே இரண்டு பாதைகள் சந்திக்கின்றன, இரண்டுக்கும் தனித்தனிக் கலை. முதலில் வடகிழக்குப் பாதைப் பக்கம். எஸ். சந்திரசேகரன் செய்த 'மெமோர்ஸ் ஆஃப் த பாஸ்ட்'. கலைஞரைப் பற்றி ஒரு வார்த்தை. 1988-ல் சிங்கப்பூரில் 'திரிமூர்த்தி' என்று ஒரு கண்காட்சி நடந்தது. சந்திரசேகரன், சாலே ஜப்பார், கோ ஈ சூ என மூன்று இளைஞர்கள், தமிழர் ஒருவர், மலாய்க்காரர் ஒருவர், சீனர் ஒருவர், தங்கள் தங்கள் மரபிலிருந்தே புதிய கலையைச் செய்ய முடியும் என்று காட்டினார்கள். இங்குள்ள கலை வரலாற்றில் இன்றும் பேசப்படும் கண்காட்சி அது. அப்படிப்பட்டவர் கையில் இந்த நிலையத்தைக் கொடுத்தது மிகச் சரியான முடிவு.

நிலையத்துக்குள் கறுப்பு வெள்ளையில், நாட்டுப்புற ஓவியத்தின் கோட்டில் பாய்ந்து ஓடும் குதிரைகள் இருக்கின்றன. இலை வடிவங்கள் கொண்ட உலோகக் கிராதிகள் இருக்கின்றன, கோயில் கதவுகளை நினைவுபடுத்துகிற மாதிரி. தமிழ் நாட்டுப்புற மரபின் நினைவுகள் என்று மொத்தத்தையும் சொல்லலாம்.

என் மாமனார் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். வாழ்நாள் முழுக்கத் தச்சு வேலை. நிலை, கதவு, ஜன்னல். இங்கே வந்திருந்தபோது கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நிலையத்தில் இறங்கியவர் அந்தக் கிராதி முன்னால் நின்றுவிட்டார். கட்டைவிரலால் ஓரத்தை ஒருமுறை தடவிப் பார்த்தார். கூட்டம் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

"ஆத்தா, இது கோயில் கதவுன்னா செஞ்சிருக்காக?"

"ஆமா மாமா, அந்த மாதிரின்னு நினைச்சு செஞ்சது."

"கோயில் கதவுன்னா கட்டத்துக்குக் கட்டம் மணி தொங்கும். தொட்டா சத்தம் வரணும். இவரு மணிக்குப் பதிலா இலை வச்சிருக்காரு. தப்பில்ல. ரயிலடியில மணி கட்டுனா பிள்ளைக சும்மா இருக்குமா?"

அவர் இதைக் குறையாகச் சொல்லவில்லை. இன்னொரு வேலைக்காரர் ஏன் அப்படிச் செய்தார் என்று யோசித்து, காரணத்தையும் தானே கண்டுபிடித்துக்கொண்டார். பிறகு குதிரை. அவர் அதை ஐயனார் கோயில் குதிரையாகத்தான் பார்த்தார். அவர் ஊர்ப் பக்கம் எல்லையில் மண்குதிரைகள் வரிசையாக நிற்கும். கலைஞர் மனதில் எந்தக் குதிரை இருந்ததோ, மாமனார் மட்டும் அதன் மேல் கால் வைக்காமல் சுற்றிக்கொண்டு நடந்தார். அதற்குப் பிறகு நானும் மிதிப்பதில்லை, காலையில் அவசரமாக ஓடும்போதுகூட. ஒரு பெரியவரை, விமானத்தில் வந்திறங்கிய ஊரில், 'இது நமக்குத் தெரிந்த இடம்' என்று நினைக்கவைக்க ஒரு கிராதியும் ஒரு குதிரையும் போதும் என்றால் அந்தக் கலை வேலை செய்கிறது என்றுதானே பொருள். இதை மனதாரப் பாராட்டுகிறேன்.

மேலே ஏறி சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயிலுக்கு நடந்தோம். அங்கே கதவில் மணிகள் உண்டு. ஒவ்வொரு மணியாகத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

அந்தக் கோயிலுக்குப் பழையவர்கள் சொல்லும் பெயர் 'சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில்'. என் வருத்தம் இங்கேதான் தொடங்குகிறது. இந்தப் பேட்டைக்கென்று ஒரு கதை இருக்கிறது, அது இங்கேயே நடந்த கதை. சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன, அதில் தமிழர்கள் வேலை பார்த்தார்கள். மாட்டுத் தொழுவங்கள் இருந்தன. பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்ற பெயர்கள் எருமைகளிடமிருந்து வந்தவை. பக்கத்திலிருக்கும் கேகே மருத்துவமனைப் பெயரின் முழு வடிவமே 'கண்டாங் கெர்பாவ்', மலாயில் எருமைத் தொழுவம். ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்குப் பின்னால் 1933 வரை உண்மையான குதிரைப் பந்தயத் திடல் இருந்தது. இது எதுவும் அந்தச் சுவர்களில் இல்லை. அங்கே இருப்பது நாங்கள் எங்கிருந்து வந்தோமோ அந்த மண்ணின் நினைவு. வந்த பிறகு இங்கே என்ன செய்தோம் என்பது இல்லை. ஏறக்குறைய இருநூறு வருடமாக இங்கே வாழும் சமூகத்தை இன்னும் வந்த ஊரை வைத்தே அடையாளம் காட்டுவது எனக்குப் போதவில்லை.

சைனாடவுன் நிலையத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தான் சுவீ ஹியான் அங்கே தரை நெடுக சீனக் கையெழுத்துக் கலையில் தன் வரிகளையே பதித்திருக்கிறார். மேலே பீனிக்ஸ் பறவை ஓவியம். பறவை சீன மரபின் சின்னம்தான், சரி. ஆனால் கீழே ஓடும் எழுத்து, கடல் தாண்டி வந்து இங்கே பாடுபட்ட முன்னோர்களைப் பற்றியது. அதாவது சின்னமும் இருக்கிறது, மனிதர்களும் இருக்கிறார்கள். எனக்குச் சீனம் படிக்க வராது. கடையில் கூட வேலை பார்க்கும் தோழியின் கணவர் சீனர், அவர் வரி வரியாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் குரல் கம்மி நிறுத்திவிட்டார். அவருடைய தாத்தா சுமை தூக்கியவராம். லிட்டில் இந்தியாவில் என் மாமனாருக்கு அவர் ஊர் ஞாபகம் வந்தது. என் கணவரின் கொள்ளுத்தாத்தா இதே ஊரில் நகராட்சிக் கூலியாக இருந்தவர், அவர் ஞாபகம் வர அங்கே எதுவும் இல்லை.

அப்புறம் டௌன்டவுன் பாதைப் பக்கம். 2015 டிசம்பரில் திறந்தார்கள். கிரேஸ் டான் செய்த 'வோவன் ஃபீல்ட்', சேலையிலிருந்து பிறந்த வேலை. சேலையின் வடிவத்தையும் நிறத்தையும் எடுத்துக்கொண்டு, கோணங்களாலான துண்டுகளை நெய்வதுபோல் அடுக்கியிருக்கிறார். சேலை என்றால் எனக்கு அது சோறு போடும் பொருள். அதனால் முதல்தடவை கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்த்தேன். நிறம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடம் நன்றாக இருக்கிறது. ஷாட் கலர் சேலையை ட்யூப்லைட்டுக்குக் கீழே பிடித்துச் சாய்த்தால் பச்சை மெல்ல நீலமாகுமே, அந்த மாற்றத்தை அவர் எங்கோ நின்று கவனித்திருக்கிறார் என்று தோன்றியது. உடல் எது, கரை எது, முந்தி எது என்று நான் தேடினேன், அப்படியெல்லாம் இல்லை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை; அவர் சேலையைப் படம் வரையவில்லை, அதன் கணக்கை எடுத்துக்கொண்டார். ஒரு சீனக் கலைஞர் எங்கள் துணியை இவ்வளவு மரியாதையோடு அணுகியது எனக்குப் பிடித்திருக்கிறது. லிட்டில் இந்தியாவின் இரண்டு வேலைகளில் கைத்திறனுக்கு இதை முன்னால் வைப்பேன்.

ஆனால் சேலை என்பது இந்தப் பேட்டையில் என்னவாக இருக்கிறது என்று ஒரு காட்சியைச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை. கட்டுமான வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கடைக்கு வருவார். ஊருக்குப் போகப் போகிறார், மனைவிக்குச் சேலை வேண்டும். வேலை உடுப்பைக் கழற்றிவிட்டு இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருப்பார். எந்தச் சேலை என்று அவருக்குத் தெரியாது. போனை எடுத்து வீடியோவில் வீட்டைக் கூப்பிடுவார். நான் சேலையை உதறி, முந்தியை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடிக்க வேண்டும். அவர் போனை அதன் முன்னால் மேலிருந்து கீழே மெதுவாக நகர்த்துவார். அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும்: "அக்கா, கரையைக் கொஞ்சம் கிட்டக் காட்டுங்க. ரவிக்கைத் துணி அதுலயே இருக்கா?" குழந்தை ஒன்று திரைக்குள் தலையை நீட்டும். மாமியார் பின்னாலிருந்து நிறம் சொல்வார். கடைசியில் அந்தப் பெண், "விலை என்னன்னு அவர்கிட்ட சொல்லாம என்கிட்ட சொல்லுங்கக்கா" என்பாள். நான் சொல்வேன். "வேணாம், அதுக்குக் கம்மியா பாருங்க" என்பாள். தம்பி, "நீ சும்மா இரு" என்று போனை அணைத்துவிட்டு அதே சேலையை வாங்குவார். எல்லாரும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இது நடக்காத ஞாயிறு எங்கள் கடையில் குறைவு.

தமிழ்நாட்டிலிருந்தும் பங்ளாதேஷிலிருந்தும் வந்த இந்த ஊழியர்கள் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை தேக்கா கிடையாது. அவர்கள் கையில்லாமல் ரயில் சுரங்கமும் கிடையாது, நிலையமும் கிடையாது. வோவன் ஃபீல்டைத் தாண்டித்தான் அவர்கள் மேலே வருகிறார்கள். குதிரைகளைத் தாண்டித்தான் வருகிறார்கள். சேலை இருக்கிறது, அதை வாங்கிப்போகும் மனிதர் இல்லை. மேலே தெருவில் இந்தக் குறை கொஞ்சம் தீர்ந்திருக்கிறது. 2015-லிருந்து நடக்கும் 'ஆர்ட்வாக்' முயற்சியில் கடைச் சுவர்களில் பெரிய ஓவியங்கள் வரைந்திருக்கிறார்கள். பெலிலியோஸ் சந்துப் பக்கம் பழைய தொழில்களைப் பற்றிய ஓவியத்தின் முன்னால் கிளி ஜோசியரைக் காட்டிப் பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் பாட்டிகளைப் பார்த்திருக்கிறேன். தெருச் சுவரில் முடிந்தது நிலையச் சுவரில் ஏன் முடியக்கூடாது?

முடியும் என்பதற்கு இதே பாதையில் உட்லீ நிலையம் சாட்சி. இந்த நிலையத்தின் கதையே வேறு. 2003-ல் பாதை திறந்தபோது இதைத் திறக்கவில்லை. சுற்றிலும் ஆளில்லை என்று 2011 ஜூன் வரை பூட்டியே வைத்திருந்தார்கள். பக்கத்தில் இருந்தது பிடாடாரி இடுகாடு. கிறிஸ்தவர், முஸ்லிம், இந்து என்று பலரும் அடங்கியிருந்த இடம். இப்போது அங்கே வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய வீடுகள் எழுந்து, பிள்ளைகள் சைக்கிள் விடுகிறார்கள்.

உட்லீயில் ஏப்ரல் இங் செய்த வேலை 'ஸ்லோ மோஷன்'. துத்தநாகத் தகடுகளில் புகைப்படத்தை அமிலத்தால் அரித்துப் பதிக்கும் முறை. தகடுகளில் இருப்பவர்கள் யாரும் பெரிய மனிதர்கள் இல்லை. பை மாட்டிக்கொண்டு நடப்பவர்கள், எங்கோ போகிறவர்கள், உங்களையும் என்னையும் போன்ற பயணிகள். சாம்பல் நிறம், வண்ணமே இல்லை. நீங்கள் நடக்க நடக்க அவர்களும் கூட நடப்பதுபோல இருக்கும். அவசரமாக ஓடினால் ஒன்றும் தெரியாது, கொஞ்சம் நிதானித்தால்தான் முகம் தெரியும். கலைஞர் பெயரிலேயே அதைச் சொல்லிவிட்டார். என்னைக் கேட்டால், பயணிகளுக்காகச் செய்த கலை என்று இந்தப் பாதையில் முழுத் தகுதியோடு சொல்லக்கூடியது இதுதான். ஒரு தகட்டின் முன்னால் நின்று அந்தப் பெண்ணின் செருப்பையே ரொம்ப நேரம் பார்த்தேன். நடந்து தேய்ந்த செருப்பு மாதிரிதான் எனக்குப் பட்டது.

பொத்தோங் பாசிரில் மேத்யூ இங்கூயி செய்த 'பாயிண்ட் ஆஃப் வியூ' விளையாட்டான வேலை. சரியான இடத்தில் நின்றால்தான் உருவம் கூடிவரும், ஓரடி நகர்ந்தால் கலைந்துவிடும். பிள்ளைகளோடு போகிறவர்கள் தவறவிடக்கூடாது. கிளார்க் கீயில் சுவா எக் கே சிங்கப்பூர் ஆற்றை மை ஓவிய மரபில் கொண்டுவந்திருக்கிறார்; அமைதி வேண்டுமானால் அங்கே போகலாம். ஃபேரர் பார்க், பூன் கெங் இரண்டையும் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. நன்றாகச் செய்த அலங்காரம்; இந்த நிலையத்தில் இல்லாமல் வேறு நிலையத்தில் இருந்தாலும் எனக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது.

பூவாங்கோக் நிலையத்தைத் தாண்டும்போது எனக்கு எப்போதும் யானைகள் ஞாபகம் வரும். இந்த நிலையமும் கட்டி முடித்த பிறகு திறக்கப்படாமல் கிடந்தது. 2005 ஆகஸ்டில் அமைச்சர் ஒருவர் அந்தப் பக்கம் வருகிறார் என்றதும், குடியிருப்பாளர்கள் தரப்பில் யாரோ வெள்ளை யானை உருவங்களை அட்டையில் வெட்டி நிலையத்தின் பக்கத்தில் வரிசையாக நிறுத்திவிட்டார்கள். பெரும் செலவில் செய்து பயனில்லாமல் கிடப்பதை ஆங்கிலத்தில் 'வெள்ளை யானை' என்பார்கள். போலீஸ் விசாரணை வரைக்கும் போனது. 2006 ஜனவரியில் நிலையம் திறந்தது. உள்ளே வின்சென்ட் லியோவின் வேலை இருக்கிறது, அதைப் போய்ப் பாருங்கள். ஆனால் அந்தப் பேட்டைக்காரர்கள் தங்கள் மனதிலிருந்ததைத் தாங்களே வெட்டி நிறுத்திய அந்த அட்டை யானைகளைத்தான் பூவாங்கோக்கின் முதல் பொதுக் கலை என்று நான் நினைக்கிறேன். அவற்றில் ஒன்றையாவது எடுத்துவைத்துக் காட்சிக்கு வைத்திருக்கலாம்.

வடகிழக்குப் பாதையோடு நிறுத்தாமல் ஒருநாள் வட்டப் பாதையில் பாய லேபாருக்கும் போய்வாருங்கள். நான் முன்னால் சொன்ன திரிமூர்த்தி மூவரில் ஒருவரான சாலே ஜப்பாரின் 'த சைன்ஸ் ஆஃப் டைம்ஸ்' அங்கே இருக்கிறது. கெய்லாங் சிராயை ஒட்டிய இடம், மலாய் மக்களின் நோன்புப் பெருநாள் கடைவீதி கூடும் இடம். அவர் முகங்களைக் காட்டவில்லை. அந்த இடம் மாறிவந்த விதத்தைக் குறியீடுகளாக வைத்திருக்கிறார். 1988-ல் ஒரே அறையில் நின்ற இரண்டு இளைஞர்கள், ஆளுக்கொரு நிலையத்தில், ஆளுக்கொரு சமூகத்தின் வாசலில் நிற்கிறார்கள். இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால் தனித்தனியாகப் பார்ப்பதைவிட நிறையப் புரிகிறது.

இன்னும் பாதைகள் வருகின்றன. ஜூரோங் வட்டாரப் பாதை படிப்படியாகத் திறக்கும் என்கிறார்கள், அப்புறம் குறுக்குத்தீவுப் பாதை. ஜூரோங் பக்கம் என்றால் தொழிற்சாலைகள், கப்பல் பட்டறைகள், ஊழியர் தங்கும் விடுதிகள். அங்கே சுவருக்கு என்ன செய்வது என்று பேசும்போது, ஹவ்காங்கில் செய்ததைப்போல அந்த விடுதிகளுக்கும் ஒருவர் தாளையும் மையையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று நான் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு வருடத்தில் ஊர் திரும்பிவிடுவார்களே என்று சொல்லலாம். என் நாத்தனாரும்தான் ஹவ்காங்கை விட்டுப் போய்விட்டாள். அவள் கை அங்கே இருக்கிறது என்பதில் யாருக்கும் சிக்கல் வரவில்லை.

போய்ப் பார்க்க நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். காலை எட்டிலிருந்து ஒன்பதரை வரையும் மாலை ஆறிலிருந்து எட்டு வரையும் வேண்டாம்; நின்று பார்க்க இடம் கிடைக்காது, நிற்பவர்கள் மேல் எங்களுக்குக் கோபமும் வரும். பத்தரை மணிக்கு மேல் நல்ல நேரம். சைனாடவுனில் தொடங்கி வடக்கே வாருங்கள். நடுவில் லிட்டில் இந்தியாவில் வெளியே வந்து தேக்கா உணவங்காடியில் சாப்பிட்டுவிட்டு, கோயில் கதவையும் பெலிலியோஸ் சுவரையும் பார்த்துவிட்டு மறுபடி கீழே இறங்கலாம். ஒவ்வொரு வேலையின் பெயரும் கலைஞர் பெயரும் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இணையப் பக்கத்தில் இருக்கின்றன. முன்னாலேயே படித்துவிட்டுப் போனால் பாதி வேலை மிச்சம். வயதானவர்களோடு போகிறீர்கள் என்றால் விளக்கத்தைத் தமிழில் நீங்களே சொல்லத் தயாராக இருங்கள். கேள்விகள் நிறைய வரும். ஒரு மணி நேரம்தான் இருக்கிறது, எல்லாவற்றையும் பார்க்க முடியாது என்றால் உட்லீயையும் ஹவ்காங்கையும் மட்டும் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் இரண்டே நிலையங்கள்தான்.